மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய படமெடுப்புக் கண்காணிப்பு: மணிமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை நிறைவு செய்த பெண்ணுக்கு எந்தப் படம், எப்போது, எதற்காக எடுக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நோய்க்குறி ஏதுமற்ற நிலையில் மார்பகத்தைக் குறித்த கால இடைவெளியில் ஊடுகதிர்ப்படம் எடுப்பது பயனுடையது. அதே நிலையில் உடல் முழுவதும் நோயைத் தேடிப் படமெடுப்பது ஆயுளை நீட்டியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் காரணமும், மணிமங்கலம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியில் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்களுக்கு அவ்வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், மேமோகிராம், மீள்நிகழ்வு, தொடர் கண்காணிப்பு, மணிமங்கலம், தொழிலாளர் ஈட்டுறுதி

முன்னுரை

மணிமங்கலம் என்னும் பெயர் வரலாறு பயின்றோர்க்குப் பல்லவ, சாளுக்கியப் போரை நினைவூட்டும். முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் இன்றைய அடையாளம் வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் நிறுவனப் பேருந்துகளே இப்போது இதன் காலைப்பொழுதை வரையறுக்கின்றன. அவற்றில் செல்வோருள் இளம்பெண்கள் மட்டுமல்லர், நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களும் உளர். உணவுக்கூடம், துப்புரவு, பொட்டலம் கட்டுதல் ஆகிய பிரிவுகளில் ஒப்பந்தத் தொழிலாளராக இவர்கள் பணியாற்றுகின்றனர். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் கண்டறியப்படுவதும் இவ்வயதினரிடத்தே.

இவ்வட்டாரத்துப் பெண்ணுக்கு நோய் உறுதியானால் செல்வதற்கு இரு திசைகள் உண்டு. மேற்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில், பேரறிஞர் அண்ணா மறைந்த 1969ஆம் ஆண்டில் அவர் நினைவாகத் தொடங்கப்பெற்ற அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்துள்ளது. கிழக்கே அடையாற்றில், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்ற புற்றுநோய் நிறுவனம் உள்ளது. அறுவை, கீமோ, மக்கள் வழக்கில் 'கரண்ட் வைத்தல்' எனப்படும் கதிர்வீச்சு என அடுத்தடுத்த மாதங்கள் மருத்துவமனையிலேயே கழிகின்றன. பின்னர் ஒரு நாள் 'சிகிச்சை முடிந்தது' என்ற சொல்லுடன் அப்பெண் வீடு திரும்புகிறாள். அன்று தொடங்கும் ஐயம், நோயைப் போலவே அவளை விட்டு நீங்குவதில்லை: திரும்பி வருமா? வந்தால் எப்படித் தெரியும்? எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்?

'ஸ்கேன்' என்னும் ஒற்றைச் சொல்

பேச்சுத்தமிழில் 'ஸ்கேன்' என்ற சொல் தம்முள் தொடர்பற்ற பல கருவிகளைக் குறிக்கிறது. மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப்படம், குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை அழுத்தப்பட்ட மார்பகத்தின் ஊடே செலுத்திப் பெறும் படமாகும். மீயொலிப்படத்தில் கதிர்வீச்சே கிடையாது, ஒலியின் எதிரொலிதான் அங்கே உருவாகிறது. எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தைக் கொண்டு இயங்குவது. எலும்பு ஸ்கேனில் டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் நரம்பு வழி ஏற்றப்பட்டு, எலும்பு புதிதாக உருவாகும் இடங்களில் படிகிறது. பெட்-சிடியில் கதிரியக்கமூட்டிய குளுக்கோசு ஏற்றப்படுகிறது, சர்க்கரையை விரைந்து உண்ணும் திசுக்கள் அதில் ஒளிர்கின்றன.

இவற்றுள் 'பெரிய ஸ்கேன்', 'சின்ன ஸ்கேன்' என விலையை வைத்து நிரல்படுத்தும் வழக்கம் நோயாளிகளிடையே பரவலாக உண்டு. விலை மிகுந்தது கூடுதலாகக் காட்டும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. ஆயினும் பெட்-சிடி தவறவிடும் நுண்ணிய சுண்ணத் துகள்களை மேமோகிராம் காட்டிவிடும். மேமோகிராமில் வெண்மையாய் மறைந்துபோகும் நீர்க்கட்டியை மீயொலி ஒரு நொடியில் இனங்காட்டும். ஒவ்வொரு படமும் ஒரு வினாவுக்கு மட்டுமே விடை தருவது. வினாவே எழாத நிலையில் எடுக்கப்படும் படம் பெரும்பாலும் புதிய குழப்பத்தையே தருகிறது.

சிகிச்சை பெற்ற மார்பகத்தைப் படித்தல்

மார்பகத்தை ஊடுகதிரால் ஆராயும் வழக்கம், அறுத்து அகற்றப்பட்ட மார்பகத்திலிருந்தே தொடங்கியது என்பது பலரும் அறியாத செய்தி. பெர்லினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட ஏறக்குறைய 3000 மார்பகங்களைப் படமெடுத்து ஒப்பிட்டு 1913இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நோயுற்ற திசுவின் நிழல் எவ்வாறு இருக்கும் என்ற அறிவு அவ்வாறு பிறந்தது.

இயல்பான மார்பகத்தின் படத்தில் கொழுப்பு கருமையாகவும் சுரப்பித் திசு வெண்மையாகவும் தோன்றும். புற்றுக்கட்டியும் வெண்மையே. ஆகவே சுரப்பித் திசு மிகுந்த அடர்த்தியான மார்பகத்தில் கட்டியைக் காண்பது அரிது. மேலிருந்து கீழாக ஒன்றும் சாய்வாக ஒன்றும் என ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படங்கள் எடுக்கப்படுவதன் காரணம் இதுதான். ஒரு கோணத்தில் கட்டிபோல் தோன்றுவது மறுகோணத்தில் கலைந்துபோனால், அது ஒன்றன்மேல் ஒன்று படிந்த இயல்பான திசு எனக் கொள்ளலாம்.

சிகிச்சை பெற்ற மார்பகத்தின் படம் இதனினும் கடினமானது. கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காத்த இடத்தில் முதலில் நீர் தேங்குகிறது. அது வற்றியபின் தழும்பு சுருங்கி, நடுவிலிருந்து கீற்றுகள் கிளம்பும் உருவை அடைகிறது. புற்றுக்கட்டிக்கும் அத்தகைய கீற்றுகள் உண்டு. கதிர்வீச்சினால் தோல் தடிக்கிறது, மார்பகம் வீங்குகிறது. இறந்த கொழுப்பைச் சுற்றிச் சுண்ணம் படிந்து, முட்டையோடு போன்ற வளையங்கள் தோன்றுகின்றன. நோய் திரும்பியதற்கு அடையாளமாகச் சில வேளைகளில் எழுவனவும் சுண்ணத் துகள்களே. அவை வளையமாக அமைவதில்லை, ஒழுங்கற்ற பொடியாகக் கூடியிருக்கும்.

எனில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? வடிவம் ஓரளவு உதவும். காலமே தெளிவாகப் பிரித்துக் காட்டும். வீக்கமும் தோல் தடிப்பும் சிகிச்சை முடிந்த முதல் ஆண்டில் உச்சத்தில் நின்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் தணிந்து ஒரு நிலைக்கு வருகின்றன. தழும்பு ஆண்டுக்காண்டு சுருங்கும் அல்லது அவ்வாறே நிற்கும், வளராது. நிலைபெற்ற தழும்பு மீண்டும் பெருத்தாலும், தணிந்த தடிப்பு மீண்டும் எழுந்தாலும் மருத்துவர் ஐயுற வேண்டும். அந்த ஐயத்துக்கு முந்தைய ஆண்டின் படம் இன்றியமையாதது. தனித்து நிற்கும் ஒரு படத்தில் தழும்பைக் கண்டு அஞ்சிய மருத்துவர் ஊசியிட்டுத் திசு எடுக்கப் பரிந்துரைப்பார். மூன்று ஆண்டுப் படங்களை வரிசையாகக் கண்டவர் அதே தழும்பை நோக்கிவிட்டு 'மாற்றமில்லை' என எழுதுவார். கருவியும் கண்ணும் ஒன்றாயிருப்பினும் முடிவு வேறாகிறது.

இதனால்தான் கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடுக்கப்படும் முதற்படம் தனி மதிப்புடையது. அதில் நோய் இல்லை என்பதைக் காட்டிலும், இனி வரும் படங்களுக்கு அது அடிக்கோடாக அமைகிறது என்பதே முக்கியம். ஐயம் தீராதபோது மீயொலியும், தழும்பா கட்டியா என்ற வழக்கு நீடித்தால் எம்.ஆர்.ஐ.யும் துணைக்கு வருகின்றன. ஓராண்டு கடந்த தழும்பு பெரும்பாலும் நிறமியூட்டும் மருந்தை ஏற்பதில்லை, புற்றுத்திசு ஏற்கும்.

மார்பகம் முழுவதும் அகற்றப்பட்ட பெண்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. மார்பகமே இல்லாதபோது மேமோகிராம் எதற்கு என அவர்கள் நின்றுவிடுகின்றனர். அகற்றப்பட்ட பக்கத்துக்கு வழக்கமான படம் தேவையில்லை என்பது உண்மை. அங்கே மருத்துவரின் விரல்களே முதற்கருவி, கட்டியோ நெறிகட்டுதலோ தென்பட்டால் மீயொலி எடுக்கலாம். மற்றைய மார்பகத்தின் நிலை வேறு. ஒரு பக்கம் புற்றுநோய் கண்ட பெண்ணுக்கு மறுபக்கத்தில் புதிதாக நோய் தோன்றும் வாய்ப்பு பிற பெண்களைவிட மிகுதி. அப்பக்கத்துக்கான படம் விடுபடக்கூடாதது.

இரு வகை மீள்நிகழ்வு

மார்பகத்திலோ மார்புச்சுவரிலோ அக்குளிலோ நோய் திரும்பினால் அது இடஞ்சார்ந்த மீள்நிகழ்வு. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றில் தோன்றினால் அது வேற்றுறுப்புப் பரவல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே படமெடுப்பைப் பற்றிய குழப்பங்களுக்கெல்லாம் வேர்.

முதல் வகையைச் சிறிதாய் இருக்கையில் கண்டால் மீண்டும் அறுத்து அகற்றி முற்றாகக் குணப்படுத்த இயலும். எனவே அதைத் தேடுவது பயனுடைய செயல். இரண்டாம் வகையைக் கட்டுப்படுத்தலாம், பல ஆண்டுகள் அடக்கியும் வைக்கலாம், ஆயினும் வேரறுப்பது பெரும்பாலும் இயலாது. அதை நோய்க்குறி தோன்றுமுன்பே கண்டுபிடித்தால் ஆயுள் நீளுமா என்பதை ஆராயாமல் எவரும் ஊகிக்க முடியாது.

அவ்வாராய்ச்சி இத்தாலியில் நிகழ்ந்தது. 20 மருத்துவமனைகளில் 1320 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர்க்குக் குறித்த இடைவெளியில் எலும்பு ஸ்கேன், நெஞ்சுப்படம், கல்லீரல் மீயொலி, குருதிச் சோதனை ஆகியன செய்யப்பட்டன. மறு குழுவினர்க்கு மருத்துவர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டுமே வழக்கமாகச் செய்யப்பட்டன. ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பின் இறந்தோர் முதற்குழுவில் 132 பேர், மறு குழுவில் 122 பேர். வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளற்றது. அதே 1994இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வில் 1243 பெண்களுள் ஒரு பாதியினர்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப்படமும் எலும்பு ஸ்கேனும் எடுக்கப்பட்டன. அக்குழுவில் நோய்ப்பரவல் முன்கூட்டியே கண்டறியப்பட்டது. ஆனால் ஐந்தாண்டு இறப்பு விகிதம் ஒன்றில் 18.6 விழுக்காடாகவும் மற்றதில் 19.5 விழுக்காடாகவும் ஏறத்தாழச் சமமாகவே நின்றது.

முன்கூட்டிக் கண்டும் பயனில்லை என்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். ஒரே காலத்தில் ஒரே அளவு நோய் எலும்பில் பரவிய இரு பெண்களைக் கற்பனை செய்தால் இது விளங்கும். ஒருத்திக்கு ஆறாம் ஆண்டில் ஸ்கேன் வழித் தெரிகிறது. மற்றவளுக்கு ஏழாம் ஆண்டில் முதுகுவலி வந்தபின் தெரிகிறது. இருவரும் பத்தாம் ஆண்டில் மறைகின்றனர். கணக்கெழுதுவோர் முதலாமவள் 'நோயோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தாள்' என்றும் இரண்டாமவள் 'மூன்று ஆண்டுகள் வாழ்ந்தாள்' என்றும் குறிப்பர். கூடியது வாழ்நாள் அன்று, நோயை அறிந்து அஞ்சிக் கழித்த நாள்.

இவ்வாய்வுகள் பழைய கருவிகளையும் பழைய மருந்துகளையும் கொண்டவை. புதிய மருந்துகள் வந்துள்ள சூழலில் இவ்வினா மீண்டும் ஆராயப்பட வேண்டியதே. எனினும் இன்றுவரை வழிகாட்டு நெறிகள் மாறவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அமெரிக்க மருத்துவப் புற்றியல் சங்கமும் இணைந்து 2015இல் வெளியிட்ட நெறி, முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரு ஆண்டுகளில் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் மருத்துவர் நேரில் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கொரு மேமோகிராமை அது வலியுறுத்துகிறது. நோய்க்குறி இல்லாதோர்க்கு உடல்தேடும் ஸ்கேன்களைப் பரிந்துரைக்கவில்லை.

தமிழகச் சூழலில் இவ்விலக்குக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. காசநோய் ஆறிய வடு நுரையீரலில் தங்கியிருப்போர் இங்கே மிகப் பலர், அவர்களுள் தமக்குக் காசம் வந்ததையே அறியாதோரும் உளர். நெஞ்சுச் சிடியில் அவ்வடு ஒரு சிறு முடிச்சாகத் தெரியும். அழற்சி தணியாத காசக்கணுக்கள் பெட்-சிடியில் புற்றைப் போன்றே ஒளிரும். ஒளிர்வது எது எனப் படம் சொல்லாது, ஊசியிட்டுத் திசு எடுத்தே அறிய வேண்டும். அதுவரை கழியும் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு குடும்பம் தன் மகளுக்கு மீண்டும் நோய் வந்துவிட்டதாகவே எண்ணி வாழ்கிறது.

கதிர் அளவும் கருதத்தக்கது. ஒரு மேமோகிராமின் அளவு ஏறக்குறைய 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலும் காற்றிலும் விண்ணிலுமிருந்து உலகில் ஒருவர் ஓராண்டில் இயல்பாகப் பெறும் சராசரி அளவு 2.4. பெட்-சிடி 20ஐ ஒட்டியோ மிஞ்சியோ அமையும். நோய் ஐயம் உள்ளபோது இது பொருட்டன்று. ஐயமே இல்லாமல் ஆண்டுதோறும் எடுப்பது வேறு செய்தி.

வலி எழும்போது

மேற்கூறிய யாவும் நோய்க்குறி அற்றோர்க்கே பொருந்தும். குறி தோன்றிய கணத்தில் படத்தின் பயன் முற்றிலும் மாறிவிடுகிறது. எலும்புவலி, நீங்காத இருமல், மூச்சுத்திணறல், மஞ்சட்காமாலை, புதிதாய் எழுந்த கடுந்தலைவலி, தழும்பருகே தடிப்பு ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் உரிய படத்தை உடனே எடுத்தாக வேண்டும். அங்கே தாமதம் முதுகெலும்பு முறிவிலும் கால் செயலிழப்பிலும் போய் முடியலாம்.

சிக்கல் யாதெனில், எட்டு மணிநேரம் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு முதுகுவலி அன்றாடம் உண்டு. அதை நோயெனக் கருதினால் மாதந்தோறும் ஸ்கேன் எடுக்க நேரும். உழைப்பெனத் தள்ளினால் பரவல் தப்பிவிடும். பயனுள்ள வேறுபாடுகள் சில உள்ளன. உழைப்பால் வந்த வலி வார விடுமுறையில் தணியும், படுத்தால் குறையும், இடம் மாறும். ஐயுற வேண்டிய வலி ஓரிடத்தில் நிலைத்து, வாரத்துக்கு வாரம் மிகுந்து, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். கால் மரத்தலோ சிறுநீர் அடக்க இயலாமையோ சேர்ந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கலாகாது.

மருந்துகளின் பின்விளைவை அறிய எடுக்கும் படங்கள் தனிவகை. டிராஸ்டுசுமாப் பெறுவோர்க்கு இதய எக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், லெட்ரோசோல், அனாஸ்டிரசோல் போன்ற மாத்திரைகளை உண்போர்க்கு எலும்படர்த்தி காணும் டெக்ஸாவும் தேவைப்படும். டாமாக்சிபென் உண்போர் மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு கண்டால் கருப்பை மீயொலி எடுக்க வேண்டும். போக்கு இல்லாதபோது வழக்கமாக எடுக்கத் தேவையில்லை.

கால நீளமும் காப்பீட்டின் எல்லையும்

ஹார்மோன் ஏற்பி உடைய புற்றுநோயில் மீள்நிகழ்வு ஐந்தாண்டோடு நின்றுவிடுவதில்லை, இருபது ஆண்டுகள்வரை தொடர்வதை ஏறத்தாழ 63,000 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மூவேற்பியும் அற்ற வகையில் இடர் பெரும்பாலும் முதற்சில ஆண்டுகளிலேயே குவிகிறது. ஆகக் கண்காணிப்பு என்பது பத்தாண்டுக் கணக்கிலான செயல். ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை அத்தனை காலம் நீடிப்பதில்லை.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமாகிய இ.எஸ்.ஐ., 2017 சனவரி முதல் மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுவோரை உள்ளடக்குகிறது. புற்றுநோய் கண்டோர்க்கு, உரிய காலம் சந்தா செலுத்தியிருப்பின், ஊதியத்தில் 80 விழுக்காட்டை இரண்டாண்டுகள்வரை நோய்க்கால உதவியாக வழங்கும் ஏற்பாடு அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். சிகிச்சைக்காலத்தை அது தாங்கிவிடும். பின்வரும் எட்டாண்டுக் கண்காணிப்பு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே நிற்கிறது. வேலை இழந்தவர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணையாகலாம். அதன் வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. கணவன் ஒரகடத்தில் மாதம் 14,000 ரூபாய் ஈட்டினால் அக்குடும்பம் வரம்பைக் கடந்துவிடுகிறது. காரப்பேட்டை அரசு மருத்துவமனையின் கதவு இவ்வரம்புகளைப் பாராமல் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே சென்று திரும்ப ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

இந்நிலையில்தான் குறைவான படம் போதும் என்ற மருத்துவ முடிவு ஒரு பொருளியல் உண்மையாகவும் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் ஒரு நாள் விடுப்பில் முடியும். தேவையற்ற முழுவுடற் சோதனைத் தொகுப்பு ஒன்றுக்குக் கடன் வாங்கிச் செலவிட்ட பெண், அடுத்த ஆண்டு மேமோகிராமுக்குப் பணமின்றி நிற்கும் நிலையே அஞ்சத்தக்கது. இவ்விடைவெளியும் இன்னும் குறையக்கூடும். பிரிட்டனில் 114 மருத்துவமனைகளில் 5235 பெண்களிடம் நிகழ்ந்த 'மேமோ-50' ஆய்வு, ஐம்பது வயதைக் கடந்து நோயின்றி மூன்றாண்டுகள் கழித்தோர்க்கு ஆண்டுதோறும் எடுப்பதற்கும், மார்பகம் காக்கப்பட்டோர்க்கு இரண்டாண்டுக்கொருமுறையும் அகற்றப்பட்டோர்க்கு மூன்றாண்டுக்கொருமுறையும் எடுப்பதற்கும் உயிர்வாழ்வில் வேறுபாடில்லை எனக் கண்டது. அந்நாட்டுப் பெண்கள் குறித்த நாளில் மருத்துவமனைக்கு அழைக்கப்படுபவர்கள் என்பதை மறந்து அம்முடிவை இங்கே அப்படியே பொருத்த இயலாது. மூன்றாண்டு இடைவெளியில் முகவரியும் கைபேசி எண்ணும் ஒப்பந்ததாரரும் மாறிவிடும் பெண்ணுக்கு, ஆண்டுக்கொரு நாள் என்பது மறவாமைக்கும் உரிய ஏற்பாடு.

பழைய படம் எங்கே?

அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட சென்னைப் பெருநகர்ப் புற்றுநோய்ப் பதிவகம், நோயாளிகளின் பிற்கால நிலையை அறிய அஞ்சல் எழுதியும் வீடுகளுக்கு நேரில் ஆளனுப்பியும் வந்திருக்கிறது. நோயாளி வாராவிடின் நிறுவனம் தேடிச்செல்ல வேண்டும் என்பதே அதன் நடைமுறை. படங்களுக்கு அத்தகைய தேடல் இல்லை. காஞ்சிபுரத்தில் ஓராண்டும், தாம்பரத்து ஆய்வகம் ஒன்றில் அடுத்த ஆண்டும், இ.எஸ்.ஐ. பரிந்துரைத்த இடத்தில் மற்றோர் ஆண்டும் எடுக்கப்பட்ட படங்கள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. குறுந்தட்டில் தரப்படும் படத்தைத் திறக்கும் கருவி பல வீடுகளில் இல்லை. அறிக்கைத்தாளை மட்டும் பத்திரப்படுத்தி, படச்சுருளையும் தட்டையும் எறிந்துவிடுவோரும் உண்டு. ஒப்பிடுவதற்கு மருத்துவருக்கு வேண்டியது படமே, அறிக்கை அதற்கு ஈடாகாது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுப்பது இயலாத செயலன்று. நோய் எந்தப் பக்கம், எந்த வகை, கதிர்வீச்சு முடிந்த நாள், உண்ணும் மாத்திரையின் பெயர், கடைசி மேமோகிராம் எடுத்த இடமும் தேதியும், அடுத்ததற்குரிய மாதம் ஆகியவை அதில் இருந்தால் போதும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளையும் பழைய படங்கள் அடங்கிய உறையையும் கொண்டுசெல்லும் பெண்ணுக்குத் தேவையற்ற ஊசியும் தேவையற்ற பெட்-சிடியும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். குடும்ப அட்டையும் ஆதாரும் வைக்கும் அதே பெட்டியில் அவ்வுறைக்கும் இடம் உண்டு.